உயிரோடு இருப்பவனுக்கு அழுத இருவர்

விண்ட்சர், ஒன்டாரியோ
12-11-1974

சிவமயம்

அனுசூயாவுக்கு மாமா எழுதிக்கொண்டது.

உனக்கு எழுதும்போது ‘சௌபாக்கியவதி’ என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்த முறை அந்த வார்த்தையை எழுதி அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். எது பொருந்தும் என்று தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஹாமில்டனில் டாக்டர் வீட்டு வாசலில் உன்னை விட்டுவிட்டுப் பிள்ளை சம்பந்தன் காரில் ஏறி வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. நீ மாண்ட்ரியாலுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா என்றுகூட எனக்குத் தெரியாது. லாசால் வீட்டைக் காலி செய்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். நம்முடைய தபால் பெட்டி எண் மட்டும் மனப்பாடமாக இருக்கிறது. மகன் அஸ்தியை ஊருக்குக் கொண்டுபோக உதவுகிறவர்கள் இந்த விலாசத்துக்குப் பணம் அனுப்பலாம் என்று எத்தனை வீட்டில் ஒப்பித்திருப்பேன். பெட்டியை நீ இன்னும் வைத்திருந்தால் இது உன் கைக்கு வரும்.

அவன் உனக்குச் செய்தது அக்கிரமம். ஐந்து வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, கட்டினவளையும் பெற்றவனையும் வாடகை வீட்டில் போட்டுவிட்டு, ஆபீஸ்காரி ஒருத்தியோடு சொல்லாமல் கொள்ளாமல் போனான். மறுக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவன் வந்து கையைப் பிடித்து, “வாங்கப்பா, போலாம்” என்று சொன்னபோது என் கால் தானாக நடந்துவிட்டது. பெற்ற பிள்ளை கூப்பிட்டால் வேறென்ன செய்ய?

அவனுக்கு இங்கே கார் கம்பெனியில் வேலை. அவளுக்கு லொரைன் என்று பெயர். நல்ல மாதிரி. அவர்களுக்குப் பிறந்த பையனுக்கு எட்டு மாதம் ஆகிறது. இருவரும் வேலைக்குப் போனபின் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெட்ராய்ட் தெரியும். ஜன்னலில் தூக்கிப் பிடித்து அதைக் காட்டினால் அழுகையை நிறுத்துவான்.

நேற்றுக் குளித்துவிட்டு விபூதி பூசும்போது கிங்ஸ்டன் ஞாபகம் வந்துவிட்டது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த விபூதியை மகன் அஸ்தி என்று ராத்திரி முழுக்கச் சொல்லிவிட்டு, காலையில் பழக்கதோஷத்தில் அதையே எடுத்து மூன்று விரலால் நெற்றியில் இழுத்துவிட்டேனே. புரொபசர் கோவிந்தராஜன் அப்படியே நின்றுவிட்டார். நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாய். அழுகிறாய் என்று அந்த அம்மாள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். நீ சிரித்தது எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு வரி எழுது. சபிப்பதாக இருந்தாலும் எழுது.

மணிவாசகம்


மாண்ட்ரியால்
3-12-1974

மாமா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தேனா என்று ஒரு வருஷம் கழித்துக் கேட்கிறீர்கள். சேர்ந்தேன். கிங்ஸ்டன் தாண்டியதும் பனி கொட்டியது. என் பக்கத்து வைப்பர் வேலை செய்யவில்லை. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். விரல்களில் உணர்வு திரும்ப இரண்டு நாள் ஆயிற்று.

கிங்ஸ்டன் கதையை எழுதிச் சிரிக்கிறீர்கள். அதையே நான் வேறு ஒருவரிடமிருந்து கேட்டுவிட்டேன். சொல்கிறேன்.

நான் இப்போது ஜான்-டலோன் சந்தையில் ஓர் இத்தாலியக்காரரின் காய்கறிக் கடையில் வேலை செய்கிறேன். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த புடவைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். கிங்ஸ்டன் புரொபசர் வீட்டம்மா, வசந்தகுமாரி. ரொக்ஸ்பரோவில் தங்கை வீட்டுக்கு வந்திருந்தாராம். போலீசைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, “மாமனார் எப்படிம்மா இருக்கார்? பிள்ளைகிட்டப் போய்ச் சேர்ந்துட்டாராமே?” என்று கேட்டார்.

 அவரே சொன்னார். நீங்கள் அஸ்தியை எடுத்துப் பூசியபோதே புரொபசருக்குத் தெரிந்துவிட்டதாம். உங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் கேட்டாராம். நீங்கள் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி, பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான் என்று கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று கும்பிட்டீர்களாம். அவர்தான் ஊர் ஊராகப் போன் போட்டு விசாரித்தாராம்.

“அப்போ பெல்வில், டொரான்டோ, ஹாமில்டன்ல எல்லாருக்கும்?” என்று கேட்டேன்.

“தெரியும்மா. உனக்குத் தெரிஞ்சா அவமானமா இருக்குமேன்னு யாரும் காட்டிக்கல.”

மாமா, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் கண்ணாடியைப் பார்த்து என் பொட்டை நானே அழித்துக்கொண்டேன். தாலியைக் கழற்றிப் பையில் போட்டேன். உள்ளே போய்ப் புருஷன் செத்தவளாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். கிளம்பும்போது அவர்கள் எனக்குக் குங்குமம் கொடுக்கவில்லை. நான் நன்றாக நடிக்கிறேன் என்று நினைத்தேன். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என்னை, புருஷன் ஓடிப்போனது வெளியே தெரியாமல் இருக்க விதவை வேஷம் போடும் பைத்தியக்காரி என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஏமாற்றத்தானே போனோம்? அந்த அறைகளில் ஏமாந்தவள் நான் ஒருத்திதான்.

முதல் பொய்யைச் சொன்னது யார் என்பதாவது ஞாபகம் இருக்கிறதா? கைமாற்றுக் கேட்கத்தான் கார்ன்வால் டாக்டர் வீட்டுக்குப் போனோம். பையன் எங்கே என்று அவர் கேட்டார். நீங்கள், “தவறிட்டான்” என்றீர்கள். ஓடிப்போனான் என்று சொல்ல உங்களுக்கு வெட்கம். உங்கள் வெட்கத்தைக் காப்பாற்ற நான் விதவையானேன்.

இதற்குப் பதில் சொல்லுங்கள். குழந்தை கதை வேண்டாம்.

அனுசூயா


விண்ட்சர்
9-1-1975

சிவமயம்

அனுசூயாவுக்கு,

வசந்தகுமாரி அம்மாள் சொன்னது அத்தனையும் சரி. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அம்பாசமுத்திரம் முன்சீப் கோர்ட்டில் முப்பது வருஷம் பெஞ்ச் கிளார்க்காக உட்கார்ந்தவன் நான். எத்தனையோ பொய்ச் சாட்சி பார்த்திருக்கிறேன். மாட்டிக்கொண்டதும் நிஜத்தைக் கொட்டிவிடுகிறவன்தான் அவர்களில் மட்டமானவன். கிங்ஸ்டன் தோட்டத்தில் நான் அந்த மட்டமானவனாக ஆனேன். புரொபசர் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் என் தோளைத் தொட்டு, “பெரியவரே, எதுக்கு இப்படி?” என்று கேட்டார். அவ்வளவுதான், உடைந்துவிட்டேன்.

அதற்குப் பிறகாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வண்டியைத் திருப்பியிருப்பாய். அவன் மேற்கே எங்கேயோ இருக்கிறான் என்று புரொபசர் சொன்னார். நீ ஆட்டவா போகலாம் என்று ஒவ்வொரு முறை சொன்னபோதும் நான் மூட்டுவலி, குளிர் என்று சாக்குச் சொல்லி மேற்கேயே போகவைத்தது அதனால்தான்.

ஒன்று சொல்கிறேன். திட்டினாலும் திட்டு. ஒவ்வொரு வீட்டிலும் அவன் எப்படிச் செத்தான் என்று நீ சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்திருக்கிறேன். முதலில் லாரி மோதி ஒரே அடியில் போனான். பெல்விலில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். டொரான்டோ போவதற்குள் அவனுக்கு இரண்டு காலும் போய்விட்டது. நீ அவனைச் சாகடித்துக்கொண்டு வந்தாய். நான் அவனைத் தேடிக்கொண்டு வந்தேன். இருவரும் ஒரே வண்டியில்தான் போனோம்.

ஆனால் நான் அங்கே அழுதது வேஷம் இல்லை. அதை மட்டும் நம்பு.

மணிவாசகம்


மாண்ட்ரியால்
20-4-1975

மாமா,

மூன்று மாதம் பதில் எழுதவில்லை. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

அவருக்கு இரண்டு காலும் போனதைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் நின்று சிரித்தேன். பிறகு அழுகையும் வந்தது. லாசால் வீட்டில் இரண்டு வருஷம் நீங்களும் நானும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. சாம்பாரில் உப்பில்லை என்பதைக்கூட உங்கள் பிள்ளை வழியாகத்தான் சொல்லி அனுப்புவீர்கள். ரோட்டில் அந்த நாலு மாதந்தான் ஓயாமல் பேசினீர்கள். கேஸ் கட்டுகளிலிருந்து எத்தனை கதை சொன்னீர்கள். பொய்ச் சாட்சி எப்போதும் நீட்டிப் பேசுவான், நிஜம் சொல்கிறவன் ஒரு வார்த்தையில் முடிப்பான் என்று சொல்லி, என் பேச்சைக் குறைக்கச் சொன்னீர்கள். கல்யாணமாகி என்னோடு யாரும் அவ்வளவு பேசியதில்லை. எனக்குக் கோபமே அதில்தான். கூட்டாளி என்று நினைத்திருந்தேன்.

சந்தையில் வேலை பரவாயில்லை. பிரெஞ்சில் விலை சொல்லக் கற்றுக்கொண்டேன். கடைக்காரரின் அம்மா என்னை இத்தாலிக்காரி என்றே நினைத்துக்கொண்டு அவர் பாஷையில் திட்டுகிறார். பொட்டு வைப்பதில்லை. அழித்து அழித்து, ஒரு நாள் திரும்ப வைக்க மறந்தேன், அப்படியே நின்றுவிட்டது.

உங்கள் பழைய இருமலுக்கு யாராவது வெந்நீராவது வைத்துக் கொடுக்கிறார்களா?

அனுசூயா


விண்ட்சர்
14-9-1975

அனுசூயாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன்.

என்னை ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். அம்பாசமுத்திரம் வீட்டை விற்றுத்தான் இங்கே வந்தேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே யார் வீட்டுத் திண்ணையில் போய்க் கிடப்பேன்? லொரைனின் அம்மா இங்கேயே வந்து தங்குகிறாளாம். குழந்தையை அவள் பார்த்துக்கொள்வாளாம். எனக்கு அறை இல்லை என்று சம்பந்தன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

நீ சம்பாதிக்கிறாய். உன் வீட்டில் ஒரு மூலை போதும். சமைத்து வைப்பேன், வீட்டைப் பார்த்துக்கொள்வேன். அக்டோபர் முதல் ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு சம்பந்தனும் லொரைனும் குழந்தையோடு அவள் தங்கை வீட்டுக்குப் போகிறார்கள். நான் தனியாக இருப்பேன். வண்டியை எடுத்துக்கொண்டு வா. பெட்டியோடு தயாராக நிற்கிறேன். பஸ்ஸில் தனியாக வர என்னால் முடியாது, இங்கிலீஷ் கேட்டால் புரிகிறது, பதில் வரவில்லை.

எனக்கு வேறு ஆளில்லை.

மணிவாசகம்


மாண்ட்ரியால்
22-9-1975

மாமா,

வருகிறேன். கம்பளிக்கோட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய அறையின் குறுக்கே திரை கட்டியிருக்கிறேன். ஜன்னல் பக்கம் உங்களுக்கு.

அனுசூயா


மாண்ட்ரியால்
9-10-1975

திரு. மணிவாசகம் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நடந்தபோது நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அதனால் நீங்கள் பார்க்காததை எழுதுகிறேன்.

மணியை அடித்தேன். கதவைத் திறந்தது உங்கள் பிள்ளை. வெளியே போயிருக்க வேண்டியவர். அவருக்குப் பின்னால் லொரைன், இடுப்பில் குழந்தை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் உங்களைத்தான் தேடினேன். அதற்குள் கோட் போட்ட ஒருவர் முன்னால் வந்து, நான்தானா என்று என் பெயரைக் கேட்டார். ஆமாம் என்றேன். கையில் ஒரு கவரை வைத்தார். விவாகரத்து நோட்டீஸ். நான் கொடுமைக்காரியாம். நோயாளியான மாமனாரைக் கட்டாயப்படுத்தி ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போய்ப் பிச்சை எடுக்க வைத்தேனாம். உயிரோடு இருக்கிற புருஷனைச் செத்துப்போனான் என்று பரப்பினேனாம்.

என் வீட்டு விலாசம் தெரியாமல் இத்தனை நாள் இதை என் கையில் கொடுக்க முடியவில்லை என்று உங்கள் பிள்ளையே சொன்னார். அதற்காகத்தான் நீங்கள் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறீர்கள்.

அப்போதுகூட நான் உங்களை நம்பினேன். உங்களுக்கும் தெரியாமல் நடந்திருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் மாடிப்படியருகில் நின்றுகொண்டிருந்தீர்கள். காலில் வீட்டுச் செருப்பு. பெட்டி இல்லை. கோட் இல்லை.

“மாமா, நான் உங்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போனேனா?” என்று கேட்டேன்.

“ஆமா” என்றீர்கள்.

ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். நிஜம் சொல்கிறவரைப் போலவே இருந்தது. உங்கள் பிள்ளை அதை அந்தக் கோட்டுக்காரருக்கு இங்கிலீஷில் சொன்னார்.

நீங்கள் பார்க்காதது இதுதான். அப்போது லொரைன் அழுதாள். தமிழ் தெரியாத அவளுக்கு என்ன புரிந்ததோ. குழந்தையைக் கீழே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அது தத்தித் தத்தி நடந்து வந்து உங்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. நீங்கள் அதன் தலையில் கையை வைத்துக்கொண்டீர்கள். நான் திரும்பி நடந்தேன். வண்டிக்குள் பின் சீட்டில் உங்களுக்காக வாங்கிய தலையணை இருந்தது. அதை வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் விட்டுவிட்டு வந்தேன்.

கேஸை நடத்தப் போவதில்லை. அவருக்கு வேண்டியது கிடைக்கும்.

இனி என்னை மருமகள் என்று எங்கேயும் சொல்ல வேண்டாம்.

அனுசூயா


விண்ட்சர்
11-12-1975

அனுசூயாவுக்கு,

உன் கடிதம் வந்த கையோடு பதில் எழுதிவிட்டேன். அதற்குள் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. போன வாரந்தான் முடிந்தது. எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். அதில் நிறைய நியாயம் பேசியிருந்தேன். கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஊருக்கு அனுப்பப் போகிறான் என்று எழுதியது நிஜம். உன் கையில் அந்த நோட்டீஸ் சேர வழி பண்ணினால் என்னை இங்கேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னான். நான் ஒரு ராத்திரி யோசித்தேன். காலையில் குழந்தை கட்டிலில் எழுந்து நின்று, “தாத்தா” என்றான். அந்த வீட்டில் அவனுக்குத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான். யோசனையை முடித்துக்கொண்டேன். உன்னை விற்றுத்தான் அவனை வாங்கினேன். இதற்கு வேறு பெயர் கொடுக்கத் தெரியவில்லை.

நீ திரை கட்டியிருக்கிறேன் என்று எழுதியதைப் படித்தபோது, வேண்டாம், வராதே என்று ஒரு கார்டு எழுதினேன். எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தபால் பெட்டிவரை நடந்தேன். போடவில்லை.

இப்போது கேள். லொரைனின் அம்மா நவம்பரில் வந்துவிட்டாள். சம்பந்தன் டிக்கெட் எடுத்துவிட்டான். கேட்டதற்கு, “அது அப்போ சொன்னதுப்பா” என்கிறான். பாளையங்கோட்டையில் என் தங்கை மகன் வீட்டில் ஏற்பாடு. ஜனவரி பதினேழாம் தேதி சனிக்கிழமை இங்கிருந்து மாண்ட்ரியால் வந்து, அங்கே மிராபெல் விமான நிலையத்தில் வேறு விமானம் மாற வேண்டும். மத்தியானத்திலிருந்து சாயங்காலம்வரை அங்கே தனியாக உட்கார்ந்திருப்பேன்.

வா என்று சொல்ல வாய் இல்லை. உட்கார்ந்திருப்பேன் என்று மட்டும் சொல்கிறேன்.

மணிவாசகம்


மாண்ட்ரியால்
8-2-1976

மாமா,

இதைப் பாளையங்கோட்டை விலாசத்துக்கு எழுதுகிறேன். வசந்தகுமாரி மூலமாகப் புரொபசரிடம் கேட்டு வாங்கினேன்.

மிராபெலுக்கு நான் வரவில்லை. கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அன்றைக்குக் கடையில் லீவு சொல்லியிருந்தேன். காலையில் குளித்துவிட்டு, உங்களுக்குப் பிடிக்கும் என்று எலுமிச்சஞ்சாதம் கிளறிக் கட்டி வைத்தேன். வண்டிக்குப் பாட்டரி மாற்றியிருந்ததால் கிளம்புவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. ஸ்டார்ட் பண்ணிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வந்தால் நீங்கள் அழுவீர்கள். அது நிஜ அழுகையா என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நிஜமாகத்தான் இருந்திருக்கும், எழுபது வயதில் பிள்ளையால் இரண்டாவது முறை கைவிடப்பட்டவர் வேறு எப்படி அழுவார்? ஆனால் எனக்கு நம்ப வந்திருக்காது. இப்போது யார் அழுதாலும் எனக்கு அப்படித்தான் இருக்கிறது. போன வாரம் கடைக்காரரின் அம்மா இறந்துபோனார். கடைக்காரர் மார்பில் அடித்துக்கொண்டு அழுதபோது, நான் தராசுக்கு அருகில் நின்றுகொண்டு, இதில் எவ்வளவு நிஜம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. உங்கள் பிள்ளை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனதெல்லாம் திரும்ப வந்துவிடும் என்று நினைக்கிறேன். நீங்கள் எடுத்தது வராது.

விவாகரத்து ஆகிவிட்டது. நான் கோர்ட்டுக்குப் போகவில்லை.

வண்டியை அணைத்துவிட்டுச் சந்தைக்குப் போனேன். லீவு கேட்டவள் ஏன் வந்தாய் என்று கடைக்காரர் கேட்டார். எலுமிச்சஞ்சாதத்தை அவருக்குக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார்.

தபால் பெட்டியை இந்த மாதத்தோடு மூடுகிறேன். என் வீட்டு விலாசத்தை ஒளித்துவைக்க இனி அவசியம் இல்லாததால் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் கடிதம் எழுதுவதற்காக அல்ல. எழுதினாலும் பிரிக்க மாட்டேன். அங்கே தங்கை மகனிடமோ அவர் மனைவியிடமோ கொடுத்துவையுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் உங்கள் பிள்ளைக்குச் சொல்வார்களோ என்னவோ, எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எழுதினால் நம்புவேன்.

அனுசூயா